பறித்த பிறகும் பூக்கும் மல்லிகை

பூக்காரம்மாவிடம் யாரும் விரிந்த மல்லிகையைக் கேட்பதில்லை. காலை முகூர்த்தத்துக்கு மணமகளின் சடையில் ஏறுவது மொட்டுச் சரம்தான். அப்போது அதில் வாசம் பெயருக்குத்தான் இருக்கும். மாலை வரவேற்பில் அதே சரம் மண்டபத்தையே மணக்கவைக்கிறது. செடியை விட்டு வந்து பல மணி நேரமான பூ எப்படி மலர்கிறது?

அதற்கான கையிருப்பு மொட்டுக்குள்ளேயே இருக்கிறது. இதழில் சேர்ந்த மாவுச்சத்து சர்க்கரையாக உடையும்போது செல்கள் நீரை இழுத்துப் புடைக்கின்றன. உட்புறம் வெளிப்புறத்தைவிட வேகமாக விரிவதால் இதழ் வெளியே வளைந்து திறக்கிறது. பச்சை மாறாத பிஞ்சு மொட்டுக்கு இந்த இருப்பு போதாது, விரியாமலே வாடிவிடும். அதனால்தான் முற்றிய வெள்ளை மொட்டாகப் பார்த்து விடியுமுன் பறிக்கிறார்கள். ஈரத்துணி நீர் வற்றாமல் காக்கும்; ஐஸ் வைத்தால் மலர்வது தள்ளிப்போகும்.

மணமும் அப்படியே. பென்சைல் அசிட்டேட், லினலூல் போன்ற ஆவியாகும் சேர்மங்கள் பூ விரியும்போதுதான் தாராளமாக வெளியேறுகின்றன. கூடவே கொஞ்சம் இன்டோல். மலத்தின் நாற்றத்திலும் இருக்கும் பொருள் இது! துளியளவில் இருக்கும்வரைதான் நம் மூக்கு மயங்குகிறது. வெள்ளை நிறமும் இரவு வாசமும் அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு, கல்யாண வீட்டுக்கானவை அல்ல. சீனாவின் ஃபூஜோவில் இதே இன மொட்டைப் பகலில் பறித்து இரவில் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். பூ மலர மலர அந்த மணத்தைத் தேயிலை குடித்துக்கொள்ளும்.

மல்லிகையின் உறவான முல்லையும் அந்தியில் பூப்பது. முல்லைத் திணைக்குச் சிறுபொழுது மாலை. உரிப்பொருள், பிரிந்தவனுக்காகக் காத்து இருத்தல். முல்லை கற்பின் அடையாளமானதில் இந்த அந்திப் பூப்புக்குப் பங்குண்டு என்றே நினைக்கிறேன். வினை முடித்த தலைவன் வீடு திரும்ப வேண்டிய வேளையில்தானே அது விரிகிறது! அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு திருமணம் வருகிறது. மகனைப் பெற்ற பெண்கள் நால்வர் மணமகளை நீராட்ட, ஈரப் பூவிதழ்கள் நெல்லோடு அவள் கூந்தலில் ஒட்டி நிற்கின்றன. அதில் தாலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அது வெயிலின் பிள்ளை. மார்கழிப் பனியில் விளைச்சல் விழுந்துவிடும். தை பிறந்து முகூர்த்தங்கள் வரிசைகட்டும்போது மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை கிலோவுக்கு ஆயிரங்களைத் தொடும். முழம் போடும் பூக்காரம்மாவின் கையும் அந்த மாதம் சற்றுக் குட்டையாகிவிடும்.