அந்தியேட்டிக்கு முன்னும் பின்னும்

நோய் முற்றிவிட்டது, இனிக் குணப்படுத்த வழியில்லை என்று மஹரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கேட்டுவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்பும் பிள்ளைகள், வீடு சேருமுன்பே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்: "அப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்." அப்பாவுக்கு அவருடைய உடலே எப்போதோ சொல்லியிருக்கும். பிள்ளைகள் உடைந்துபோவார்கள் என்று அவரும் வாய் திறப்பதில்லை. சின்னத் தொடர்மாடி வீட்டில் எல்லோரும் ஒளித்து ஒளித்து அழுகிறார்கள்.

துக்கம் இந்த நாளிலேயே தொடங்கிவிடுகிறது. 1942இல் பொஸ்டன் நகரத்துக் கேளிக்கை விடுதியொன்று தீப்பிடித்தபோது உறவுகளை இழந்தவர்களை ஆராய்ந்த மனநல வைத்தியர் எரிக் லின்டமன், 1944இல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'முன்கூட்டிய துக்கம்' என்று பெயரிட்டார். போருக்குப் போன கணவனுக்காக மனதுக்குள் அழுது முடித்துவிட்ட ஒரு மனைவி, அவன் உயிரோடு திரும்பியதும் விவாகரத்துக் கேட்டதை அதில் குறிப்பிடுகிறார். ஆனால் முன்பே அழுதால் பின்பு பாரம் குறையும் என்று எண்ணிவிடக் கூடாது. மரணத்துக்கு முன்பு மிகக் கடுமையாகத் துக்கப்படுகிறவர்களுக்கு அதற்குப் பிறகும் கடினமாகவே இருப்பதைப் பிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன.

துக்கம் மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து படிகளில் இறங்கும் எனப் பலர் நம்புகிறார்கள். மனநல வைத்தியர் எலிசபெத் கியூப்லர் ரோஸ் 1969இல் அந்தப் படிகளை எழுதியது, சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி. இழந்தவர்களின் மனதுக்கு 1999இல் ஆய்வாளர்கள் மார்கிரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஷூட் இருவரும் தந்த விளக்கமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மனம் ஊஞ்சல்போல் ஆடுகிறது. இரவு அவருடைய சட்டையை முகர்ந்து அழுகிறது. காலையில் வங்கிக் கணக்கை மாற்ற வரிசையில் நிற்கிறது, பேரப்பிள்ளையின் குறும்புக்குச் சிரிக்கிறது. இந்த ஆட்டத்தால்தான் மனம் தாக்குப்பிடிக்கிறது. "அதற்குள் சிரிக்கிறாளே" என்று சொல்லும் உறவினர் இதை அறிந்தால் எவ்வளவு நல்லது!

நோயின் வலியையும் துன்பத்தையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பில் உள்ள வைத்தியரோ உளவளத்துணையாளரோ உண்மையைப் போட்டு உடைப்பதில்லை. "உங்கள் நோயைப் பற்றி என்ன தெரியும்? இன்னும் எவ்வளவு தெரிய வேண்டும்?" என்று நோயாளியிடமே மெல்லக் கேட்கிறார்கள். அந்தக் கதவு திறந்தால், கனடாவிலுள்ள மகனிடம் சொல்ல வேண்டியதை அப்பா தன் வாயாலேயே சொல்லலாம். குழந்தைகளிடம் மட்டும் பூசி மெழுகக் கூடாது. "தாத்தா தூங்கிவிட்டார்" என்று கேட்ட குழந்தை தூங்கவே பயப்படும்; தன் குழப்படியால்தான் இப்படி நடந்ததோ என்றும் நினைக்கும். "செத்துவிட்டார், இனி வரமாட்டார், உன்னால் இல்லை" என்று தெளிவாகச் சொல்வதுதான் அன்பு.

எட்டுச்செலவு வரை வீடு நிறைந்திருக்கும். 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் வெறிச்சோடிவிடும். உதவி அப்போதுதான் தேவைப்படுகிறது. பெரும்பாலானோர் மாதங்கள் போகப் போக, நெருங்கியவர்களின் துணையோடு எழுந்துவிடுவார்கள். ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கம் சற்றும் தணியாமல், அன்றாட வாழ்வே முடங்கிக் கிடந்தால், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு அதை நீடித்த துக்கக் கோளாறு என்கிறது. அதற்கென்றே பேச்சுச் சிகிச்சை உண்டு. இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

நாற்பதாம் நாளோ ஐம்பதாம் நாளோ அந்த வீட்டுக்குப் போங்கள். சாப்பாடு கொண்டுபோங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காதீர்கள். அதைக் கேட்க யாரும் வரவில்லையே என்றுதான் அந்த அம்மா காத்திருப்பார்.