பழைய மீன்தொட்டி மூடிக்குள் எல்இடி: வெளிச்சம் எளிது, சூட்டையும் ஈரத்தையும் சமாளிப்பதே வேலை

வீட்டு மீன்தொட்டிகளில் பரவலான அளவு 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். கொள்ளளவு சுமார் 55 லிட்டர். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். வாங்கிப் பல வருடம் ஆன தொட்டி என்றால், அதன் கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்குள், கடைக்காரர்கள் ஹூட் என்பார்களே அதற்குள், ஒரு 18 வாட் டியூப் லைட்டும் சோக்கும் ஸ்டார்ட்டரும் இருக்கும். இந்த ஹூட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டு எல்இடி பொருத்தினால் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் ஸ்ட்ரிப்பை, அதாவது எல்இடிகள் வரிசையாகப் பதித்த ஒட்டும் பட்டையை, வாங்கி ஒட்டினால் போதும் என்று நினைத்துச் செய்தவை பெரும்பாலும் ஒரு வருடம்கூடத் தாங்குவதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

டியூப் லைட் எல்லாத் திசையிலும் ஒளி விடும். கீழே இறங்குவது பாதிதான். மேலே போகும் பாதி ஹூட்டின் உட்புறத்தில் பட்டுப் பெரும்பாலும் வீணாகிறது. பெட்டியில் 1,000 முதல் 1,300 லூமன் (லூமன் என்பது ஒளியின் அளவு) என்று போட்டிருந்தாலும் தண்ணீரைத் தொடுவது 600, 700 தேறினால் அதிகம். பழைய இரும்பு சோக் தன் பங்குக்கு 8 முதல் 10 வாட் வரை சூடாகத் தின்றுவிடும். எல்இடியோ முன்பக்கம் மட்டும், ஏறக்குறைய 120 டிகிரி விரிவில் ஒளி விடுகிறது. இந்த மாற்றத்தில் உண்மையான லாபம் அந்தத் திசைதான்.

அந்த 120 டிகிரிக்கும் மீன்தொட்டிக்கும் அழகான ஒரு பொருத்தம் உண்டு. விளிம்போரக் கதிர், செங்குத்துக் கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்ந்து தண்ணீரில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. உள்ளே நுழைந்ததும் கதிர் வளைந்து 40.6 டிகிரிச் சாய்வுக்கு வந்துவிடும். அப்படிப் போய்ப் பக்கவாட்டுக் கண்ணாடியில் மோதும்போது அது கண்ணாடியின் செங்குத்தோடு 49.4 டிகிரி கோணம் பிடிக்கிறது. தண்ணீரிலிருந்து காற்றுக்கு ஒளி தப்பிக்கும் எல்லைக் கோணம் 48.8 டிகிரி. அதைத் தாண்டிவிட்டதால் கதிர் வெளியேற முடியாமல் முழுமையாகத் திரும்பி உள்ளேயே விழுகிறது. ஒளியிழைக் கம்பிக்குள் ஒளி ஓடுவதும் இதே விதிப்படிதான். அதாவது தொட்டியின் நான்கு பக்கமும், கண்ணாடி சுத்தமாக இருக்கும்வரை, இலவசமாகக் கிடைத்த, முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற சுவர்கள். நமக்குத் தெரியும் வெளிச்சம் மீனிலும் மணலிலும் செடியிலும் பட்டுச் சிதறி வருவது மட்டுமே. கண்ணாடியில் பாசி படிந்தால் இந்தத் திருப்பம் கெட்டு, அடியில் இருக்கும் செடிக்குப் போகிற ஒளி குறையும்.

வெள்ளைக்குள் இருக்கும் நீலம்

வெள்ளை எல்இடிக்குள் இருப்பது 450 நானோமீட்டர் அருகே ஒளிரும் நீலச் சில்லு. அதன்மேல் பூசியுள்ள மஞ்சள் பாஸ்பர் நீலத்தில் ஒரு பகுதியை உறிஞ்சிப் பச்சை, மஞ்சள், சிவப்பாக மாற்றிக் கொடுக்கிறது. எல்லாம் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. திறன்மிக்க நீல எல்இடியை உருவாக்கியதற்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நாகமுரா மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

செடியின் பச்சையம் அதிகம் உறிஞ்சுவது நீலத்தையும் 640 முதல் 660 நானோமீட்டர் வரையுள்ள சிவப்பையும். 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண்) வெள்ளையில் நீலம் தாராளம், சிவப்பு குறைவு. ஆகவே 3 வரிசை ஒட்டுவதாக இருந்தால் 2 வரிசை 6500 கெல்வின், நடுவில் 1 வரிசை 3000 கெல்வின் மஞ்சள் வெள்ளை என்று கலப்பது நல்லது. செடிக்கும் உதவும், நியான் டெட்ரா மீனின் சிவப்பும் கப்பி மீனின் வாலும் உள்ளபடி தெரியும். நிறம் மாறும் ஆர்ஜிபி ஸ்ட்ரிப் அலங்காரத்துக்கு மட்டும்; செடி வளர்க்க அதை நம்ப வேண்டாம்.

எத்தனை எல்இடி?

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில் 12 வோல்ட் ஸ்ட்ரிப் கேட்டால் எடுத்துத் தருவது பெரும்பாலும் 5050 அல்லது 2835. அந்த எண் எல்இடியின் அளவைச் சொல்கிறது: 5.0 × 5.0 மி.மீ., 2.8 × 3.5 மி.மீ. மீட்டருக்கு 60 எல்இடி உள்ள 5050 ஸ்ட்ரிப்பை எடுத்துக்கொள்வோம். 5 செ.மீ.க்கு ஒரு வெட்டுக்குறி இருக்கும். ஒரு துண்டில் 3 எல்இடி தொடராக, கூடவே கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர்கள். ஒவ்வொரு எல்இடியும் சுமார் 3.1 வோல்ட் எடுக்கும், 3-க்கு 9.3. மிச்சம் 2.7 வோல்ட் ரெசிஸ்டரில் சூடாகக் கரைகிறது.

இந்த 2.7 வோல்ட்டை மனதில் வைத்துக்கொண்டால் ஸ்ட்ரிப்பில் வரும் பாதிக் கோளாறுகளுக்கு விடை கிடைக்கும். ஓடும் கரண்ட்டை நிர்ணயிப்பது அதுதான். மலிவான அடாப்டர் 12-க்குப் பதில் 13 வோல்ட் தந்தால், கண்ணுக்கு அது 8 சதவீதம், ரெசிஸ்டருக்கோ 2.7 என்பது 3.7 ஆகிறது. கரண்ட் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஏறி, எல்இடி சீக்கிரம் மங்கும். மறுபுறம், 0.1 சதுர மி.மீ. கொண்ட மெல்லிய ஒயரில் ஒன்றரை மீட்டர் இழுத்தால் வழியிலேயே முக்கால் வோல்ட் போய் வெளிச்சம் 30 சதவீதம் குறையும். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அடாப்டர் வாங்கியதும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், 12.3-க்கு மேல் காட்டினால் வேறு வாங்குங்கள்.

55 செ.மீ. நீளத்தில் 11 துண்டு, 33 எல்இடி. துண்டுக்கு 60 மில்லிஆம்பியர் என்றால் வரிசைக்கு 0.66 ஆம்பியர். 3 வரிசைக்கு 2 ஆம்பியர், 24 வாட். எல்இடிக்குக் குறைந்தது 15 லூமன் என்று வைத்தாலும் 99 எல்இடிக்கு 1,500 லூமன் வரும். லிட்டருக்கு 33 லூமன். ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ், வாலிஸ்நேரியா போன்ற எளிய செடிகளுக்கு 20 முதல் 30 போதும். கூடுதலாக இருப்பதை 12 வோல்ட் டிம்மர் ஒன்றைப் போட்டுக் குறைத்துக்கொள்ளலாம். அடாப்டர் 12 வோல்ட் 3 ஆம்பியர் வாங்குங்கள். 2 ஆம்பியர் போதுமே என்று சிக்கனம் பார்த்தால் அது எப்போதும் முழுச் சுமையில் கொதித்துக்கொண்டிருக்கும்.

மின்சாரம் மிச்சமாகுமா? முழு வெளிச்சத்தில் எரித்தால் ஆகாது: அடாப்டர் இழப்பும் சேர்ந்து 28 வாட், பழைய டியூப்பும் சோக்கும் எடுத்த அளவுதான். ஆனால் 60 சதவீதத்தில் எரித்தாலே தண்ணீருக்குள் பழையதைவிடக் கூடுதல் ஒளி போகும். அப்போது 17 வாட்.

சூடு போக ஒரு ஜன்னல்

எல்இடி சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். டியூப் தன் சூட்டில் ஒரு பகுதியைக் கதிராகக் கீழே அனுப்பிவிடும். எல்இடியின் சூடு முழுக்க முதுகுப் பக்கம் தங்குகிறது. 24 வாட்டில் 17 வாட் போல வெப்பம்தான். அதை நேராகப் பிளாஸ்டிக்கில் ஒட்டினால் போக வழியில்லை. ஒட்டும் டேப் இளகி, ஒரு நாள் ஸ்ட்ரிப் தண்ணீரில் தொங்கும். அதற்கு முன்பே பாஸ்பரும் மேல்பூச்சும் கெட்டு வெளிச்சத்தின் நிறம் மாறியிருக்கும்.

அலுமினிய ஜன்னல் செய்யும் பட்டறையில் 2 மி.மீ. தகட்டில் 56 × 11 செ.மீ. துண்டு ஒன்று வெட்டி வாங்குங்கள். எடை 330 கிராம் போல வரும். அதை ஹூட்டுக்குள்ளேயே வைத்து மூடினால், ஒரு பக்கம் மட்டும் சூட்டை விடும் நிலையில், உள்காற்றைவிட 30 டிகிரி வரை ஏறலாம். சென்னைக் கோடையில் உள்காற்று 38 என்றால் தகடு 68. அதனால் ஹூட்டின் மேற்பலகையில், தீனி போடும் கதவுக்குப் பின்னால், 50 × 8 செ.மீ. ஜன்னல் வெட்டி, தகட்டை உள்ளிருந்து வைத்து மூடுங்கள். நீளவாக்கில் இரு முனையிலும் 3 செ.மீ., முன்னும் பின்னும் ஒன்றரை செ.மீ. ஏறி நிற்கும். 4 துருப்பிடிக்காத திருகு, சுற்றிலும் சிலிகான். இப்போது தகட்டின் முதுகு அறைக் காற்றைத் தொடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வர வழியில்லை. பிளாஸ்டிக்கை வெட்ட ஹேக்ஸா பிளேடும் பொறுமையும் போதும். மூலைகளில் முதலில் 6 மி.மீ. துளை போட்டுவிட்டால் விரிசல் ஓடாது.

வேலை முடிந்து 1 மணி நேரம் எரித்த பிறகு தகட்டின் முதுகில் விரலை வையுங்கள். 5 விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் சூடு 60 டிகிரியை நெருங்குகிறது. டிம்மரைக் குறைக்க வேண்டும்.

ஈரம்

ஹூட்டுக்குள் காற்று எந்நேரமும் ஈரம் பூரித்து நிற்கும். செம்பின்மேல் ஈரம், கூடவே நேர் மின்னோட்டம் என்றால் மின்முலாம் பூசும் தொட்டியில் நடப்பதுதான் நடக்கும்: பிளஸ் பக்கச் செம்பு கரையும். கெட்ட ஸ்ட்ரிப்பைக் கழற்றிப் பார்த்தால் பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருப்பது பிளஸ் முனையில்தான். அந்தச் செம்பு தண்ணீரில் சொட்டினால் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம்.

மேலே சிலிகான் பூச்சு உள்ள, நீர் தெறித்தாலும் தாங்கும் ஐபி65 தர ஸ்ட்ரிப்பையே வாங்குங்கள். ஆனால் வெட்டிய கணமே அந்தப் பாதுகாப்பு இரு முனையிலும் திறந்துவிடுகிறது. ஒயர் பற்றவைக்க அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்த இடம் அதைவிட மோசம். அங்கே ஈயம் வைத்தபின் திரும்ப மூடியாக வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். தொட்டி ஒட்ட வாங்கிய சிலிகான் மிச்சம் இருக்கிறதே என்று அதைத் தடவுவார்கள். வினிகர் வாடை அடிக்கும் அந்த வகை உலரும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது. கண்ணாடிக்கு அது நல்லது, செம்புக்கு எமன். வாடை இல்லாத நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். தடவி 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

பற்றவைப்பதற்கு 25 வாட் சால்டரிங் அயர்ன் போதும். முதலில் ஸ்ட்ரிப்பின் செம்புப் பட்டையிலும் ஒயர் நுனியிலும் தனித்தனியாக ஈயம் ஏற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து 2, 3 விநாடி. அதற்கு மேல் வைத்தால் செம்புப் பட்டை கழன்றுவிடும். மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், அதாவது சூடு பட்டதும் சுருங்கிப் பிடிக்கும் குழாய். 3 வரிசையையும் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கொடுத்து ஹூட்டுக்கு வெளியே இணைத்தால், ஒன்று போனாலும் மற்றவை எரியும். ஒட்டும் முன் தகட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க மறக்காதீர்கள். டேப்பை மட்டும் நம்பாமல் 10 செ.மீ.க்கு ஒரு பொட்டு நியூட்ரல் சிலிகானும் வையுங்கள்.

ஸ்ட்ரிப்புக்கும் தண்ணீருக்கும் இடையில் 4 மி.மீ. கண்ணாடி ஒன்று இருக்கட்டும். அக்ரிலிக் இலேசானது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி வளைந்துவிடும். போர் தண்ணீர் என்றால் கண்ணாடியில் வெள்ளை உப்பு படியும். வாரம் ஒரு முறை வினிகர் தொட்டுத் துடைத்துக் கழுவுங்கள்.

230 வோல்ட் வெளியிலேயே நிற்கட்டும்

பழைய ஹூட்டைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. சோக், ஸ்டார்ட்டர், ஹோல்டர், பழைய ஒயர் எதையும் விட்டுவைக்க வேண்டாம். நேரடியாக 230 வோல்ட்டில் எரியும் ஸ்ட்ரிப்பும் ரோப் லைட்டும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தண்ணீருக்கு மேல் பொருத்தவே கூடாது. 230 வோல்ட்டைப் பிரித்து நிறுத்தும் மின்மாற்றி உள்ளே கிடையாது. பூச்சு ஓரிடத்தில் விரிந்தால் கை வைக்கிற தண்ணீரிலேயே மின்சாரம். அடாப்டர் முழுதும் மூடிய வகையாக, தொட்டிக்குப் பக்கவாட்டில் உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். ஒயர் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு வளைவாகத் தொங்கினால், வழிந்துவரும் நீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். மின்கசிவு கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லாவிட்டால் எல்இடி மாற்றும் முன் அதை மாட்டுங்கள்.

எரியவிட்ட பிறகு

முதல் இரண்டு வாரம் டிம்மர் பாதியில், நாளுக்கு 6 மணி நேரம். டைமர் போட்டுவிடுங்கள். திடீரென்று இரட்டிப்பான ஒளியைச் செடி பயன்படுத்திக்கொள்ள நாளாகும். பாசிக்கு அந்தத் தயக்கம் இல்லை. கண்ணாடியில் பச்சைப் புள்ளியோ செடி நுனியில் முடி போன்ற பாசியோ தெரிந்தால் நேரத்தைக் குறைக்காமல் முதலில் வெளிச்சத்தைக் குறைத்துப் பாருங்கள். இருட்டில் திடீரென்று எரிந்தால் மீன்கள் துள்ளி மோதும். அறை விளக்கு எரிகிற நேரத்துக்கு டைமரை வைத்துக்கொள்ளலாம்.

3 எல்இடி மட்டும் சேர்ந்தாற்போல் அணைந்தால், அந்தத் துண்டில் ஒன்று போய்விட்டது என்று அர்த்தம். வெட்டி எடுத்துப் புதிய 5 செ.மீ. துண்டைப் பற்றவைத்தால் சரியாகும். மொத்தமும் விட்டுவிட்டு மின்னினால் ஸ்ட்ரிப்பைக் குறை சொல்லாமல் அடாப்டரைப் பாருங்கள்; சுமை தாங்காமல் நின்று நின்று எழுகிறது. ஒரு வரிசையின் ஒரு முனை மட்டும் மங்கினால் அந்த முனையின் சிலிகானைப் பிரித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் 5 செ.மீ. உள்ளே தள்ளி வெட்டி, புதிதாக ஈயம் வைத்து, மறுபடி மூடி, ஒரு நாள் உலரவிட்டு எரியவிடுங்கள்.