செத்த செல் சொல்லும் சேதி

பல் துலக்கும்போது ஈறுகளில் ரத்தம் வருகிறது, கிருமியைக் கொல்ல மாத்திரை போட்டால் போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பெரும்பாலும் போதாது. பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைப்பது நேரடியாகக் கிருமி இல்லை, நம்முடைய செல்களேதான்.

தெரிந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். துலக்காத இடத்தில் கிருமிப் படலம் சேரும், இறுகினால் காறை. 1965-ல் ஹரால்ட் லோ என்ற பல் ஆய்வாளரின் குழு ஆரோக்கியமான சிலரைப் பல் சுத்தம் செய்வதையே நிறுத்தச் சொன்னது; மூன்று வாரத்துக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி துலக்கியதும் சரியானது. அப்புறம் வருகிறவர்தான் நம் நாயகன், நியூட்ரோஃபில். எலும்பு மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் மிதந்து வந்து, ரத்தக்குழாய்ச் சுவரைப் பற்றி நின்று, நெளிந்து வெளியேறி, பல்லும் ஈறும் ஒட்டும் இடுக்கு வழியாக வாய்க்குள் வந்து விழும் வெள்ளையணு. நல்ல ஈறுகளிலும் இந்த ஊர்வலம் ஓயாது, நிமிடத்துக்குச் சுமார் 30,000 என்று கணக்கு.

இந்த நியூட்ரோஃபில் ஈறுக்குள் வரவே முடியாவிட்டால்? அப்படி ஓர் அரிய மரபணு நோய் உண்டு. ரத்தம் நிறைய நியூட்ரோஃபில் இருக்கும், ஆனால் சுவரைப் பற்றும் கொக்கிப் புரதம் பழுது, அதனால் வெளியே வர வழியில்லை. அந்தக் குழந்தைகளுக்குப் பால் பல்லும் போய், பின்னால் முளைத்த பல்லும் ஆடி விழும். காவலாளி இல்லை, கிருமி புகுந்துவிட்டது என்று பல காலம் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனை ஆன்டிபயாட்டிக் கொடுத்தாலும் எலும்பு கரைவது நிற்கவில்லை.

2014-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் நிக்கி மௌட்சோபௌலஸ் குழு அந்த நோயாளிகளின் ஈறுத் திசுவைப் பார்த்தபோது, கிருமிகள் பல்லின் மேலேயே இருந்தன, திசுவுக்குள் நுழைந்திருக்கவில்லை. உள்ளே நிரம்பி வழிந்தது இன்டர்லூகின்-17 என்ற அழற்சிச் சமிக்ஞை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். திசுவுக்குள் வந்த நியூட்ரோஃபில் சீக்கிரமே செத்துவிடும். அந்தச் சடலத்தை மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல் விழுங்கும். விழுங்கியதும், 'ஆள் வந்து சேர்ந்தாயிற்று' என்று எடுத்துக்கொண்டு, இன்டர்லூகின்-23 என்ற இன்னொரு சமிக்ஞையைச் சுரப்பதைக் குறைக்கும். 23 குறைந்தால் 17 குறையும், 17 குறைந்தால் மஜ்ஜைக்குப் போகும் 'இன்னும் அனுப்பு' என்ற உத்தரவும் குறையும். ஆக, நியூட்ரோஃபில் செய்யும் முக்கியமான ஒரு வேலை அது செத்த பிறகுதான்! சடலமே வராத ஈறுகளில் மேக்ரோஃபேஜ் 'இன்னும் யாரும் வரவில்லை' என்றே கூவிக்கொண்டிருக்கும். அந்தக் கூச்சலில் பெருகும் 17, எலும்பைக் கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும்.

இது சரியென்றால் கூச்சலை அடக்கினாலே போதும் இல்லையா? சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குக் கொடுக்கும், 23-ஐத் தடுக்கும் உஸ்டெகினுமாப் மருந்தை அப்படி ஒரு நோயாளிக்குக் கொடுத்தார்கள். ஈறு அழற்சி அடங்கியது என்று 2017-ல் வெளியிட்டார்கள். ஒரே ஒரு நோயாளிதான், ஆனாலும் எனக்குச் சிலிர்த்தது. அரிய நோயை ஆராய எதற்குப் பணம் என்று கேட்கிறவர்களிடம் நான் காட்டுவது இதைத்தான்.

நம்மில் பலருக்கு வரும் ஈறு நோயில் நிலைமை நேர்மாறு. படலம் அப்படியே கிடப்பதால் நியூட்ரோஃபில்கள் கூட்டம் கூட்டமாக வந்து, கிருமிக்கு வைத்த நொதிகளைச் சொந்தத் திசுவிலேயே கொட்டிவிடுகின்றன. இங்கேயும் 17 ஏறுகிறது, எலும்பு இறங்குகிறது. எரிச்சலூட்டும் படலத்தையும் காறையையும் எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டால், சில நாளில் படலம் திரும்ப வந்துவிடும். க்ளீன் பண்ணினால் பல் ஆடும் என்பதை நம்பாதீர்கள். எலும்பு ஏற்கெனவே போயிருக்கும், காறை முட்டுக்கொடுத்து அதை மறைத்திருக்கும். வாசகர் ஒரு பல் மருத்துவரிடம் போய், மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் ஈறு இடுக்கின் ஆழத்தை அளக்கச் சொல்லலாம். 3 மில்லிமீட்டர் வரை சாதாரணம், 4 அல்லது அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். புகைப்பவராக இருந்தால் ரத்தம் வராவிட்டாலும் அளந்து பாருங்கள், புகை ரத்தக்கசிவை மறைத்துவிடும்.