பழைய ஃபைபர் படகுக்குள் தண்ணீர் எங்கே ஒளிந்திருக்கிறது?

பழைய ஃபைபர் மீன்பிடிப் படகு ஒன்று வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது பெயின்ட் டப்பாவை. என்னைக் கேட்டால் சுத்தியலை எடுங்கள் என்பேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையைச் சாண் சாணாக மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. ஓரிடத்தில் மட்டும் ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்டால் உள்ளே ஏதோ ஊறிக் கிடக்கிறது.

ஃபைபர் மக்காதே? மக்காதுதான். ஆனால் அந்தக் காலத்துப் படகுகள் பலவும் முழுக்க ஃபைபர் அல்ல. பின்பலகைக்குள் பிளைவுட், தரைக்கு அடியில் நீளவாக்கில் மரச்சட்டங்கள், அவற்றின்மேல் போர்த்திய கண்ணாடியிழை. ஏதோவொரு திருகுத் துளையில் பூசிய சீலன்ட் காய்ந்து வெடித்தால் போதும், தண்ணீர் உள்ளே போய்விடும். போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. மரத்தில் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சையால் வளர முடியாது. 30ஐத் தாண்டினால் அதற்குக் கொண்டாட்டம். இதில் வேடிக்கை, கடல்நீரைவிட மழைநீர்தான் அதிகம் கெடுக்கிறது. உப்பு பூஞ்சைக்கு ஆகாது. கடலுக்கே போகாமல் மூடாக்கு இல்லாமல் கிடந்த படகு, தினமும் உழைத்த படகைவிட மோசமாக இருப்பது இதனால்தான்.

உளுத்த மரத்தை வெட்டி எடுத்தே ஆகவேண்டும். மிச்சமுள்ள பகுதி காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் இன்னும் காயவில்லை.

படகின் அடிப்பக்கத்தில் கொப்புளங்கள் இருந்தால் அது வேறு கதை. வெளியே பளபளக்கும் ஜெல்கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். கையில் தொட்டால் கண்ணாடிபோல் இருந்தாலும் நீர் மூலக்கூறுகள் அதற்குள் மெல்ல நுழைந்துவிடும். உள்ளே இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பிசினான ரெசினில் சரியாக இறுகாமல் மிஞ்சிய பொருட்கள் அந்த நீரில் கரைகின்றன. கரைசல் அடர்த்தியாக ஆக, சவ்வூடு பரவல் முறையில் வெளித் தண்ணீரை மேலும் மேலும் இழுக்கிறது. அழுத்தம் ஏறி மேல்தோல் உப்புகிறது. கொப்புளத்தைக் குத்தினால் புளித்த நெடியோடு திரவம் பீச்சியடிக்கும். கண்ணாடி அணியாமல் குத்தவேண்டாம்.

இனி ரெசின். பாலியெஸ்டர் ரெசின் என்பது ஸ்டைரீன் என்ற திரவத்தில் மிதக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். 1 கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் வரை கேட்டலிஸ்ட் சேர்த்ததும் அது உடைந்து வினையைத் தொடங்கிவைக்க, ஸ்டைரீன் சங்கிலிகளுக்கு இடையே பாலம் போடுகிறது. ஒவ்வொரு பாலமும் கொஞ்சம் சூட்டைக் கக்கும். ரெசினைப் பலகையில் பரப்பியிருந்தால் சூடு காற்றில் போய்விடும். அதையே டப்பாவில் குவித்து வைத்தால் சூடு வினையைத் துரத்த, வினை சூட்டைக் கூட்ட, சற்று நேரத்தில் டப்பா உருகிப் புகையும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதே நல்லது. ரெசினை முடுக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் கேட்டலிஸ்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கக்கூடும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே ஆபத்து.

‘மேட்’ எனப்படும் கண்ணாடியிழை விரிப்பின்மேல் ரெசினைத் தடவும்போது ஒன்றைக் கவனியுங்கள். பஞ்சுபோல் வெள்ளையாக இருந்த மேட் சில நொடிகளில் காணாமல் போய்விடும். இழைக்கும் காற்றுக்கும் நடுவே ஒளி சிதறியதால்தான் அது வெள்ளையாகத் தெரிந்தது. ரெசினின் ஒளிவிலகல் எண்ணும் கண்ணாடியுடையதும் ஏறக்குறைய ஒன்றே, சுமார் 1.55. காற்று இருந்த இடத்தை ரெசின் பிடித்ததும் ஒளி வளையாமல் கடந்துபோகிறது. எங்கேயாவது வெள்ளைத் திட்டு மிஞ்சினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. ரோலரை மறுபடி ஓட்டவேண்டும். அதற்காக ரெசினைக் குடம்குடமாக ஊற்றக் கூடாது. வலு இழையில் இருக்கிறது, ரெசின் அதைப் பிடித்து வைப்பதோடு சரி.

பலர் சறுக்குவது பழையதோடு புதியதை ஒட்டும் இடத்தில். படகு கட்டும்போது அடுக்குகள் ஈரமாக இருக்கையிலேயே ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் வேதிப் பிணைப்பால் ஒன்றாகிவிடும். பல ஆண்டுகளுக்கு முன் இறுகிய ரெசினில் கைகோக்க அநேகமாக எதுவும் மிச்சமில்லை. புதியது அதைப் பிடித்துத் தொங்க, சொரசொரப்பு வேண்டும். முதலில் அசிட்டோனால் துடைத்துவிட்டு அப்புறம் உப்புத்தாள். வரிசையை மாற்றினால் மேலே இருக்கும் மெழுகைக் கீறல்களுக்குள் நாமே தேய்த்து ஏற்றிவிடுவோம். ஒட்டும் பரப்பும் அகலமாக வேண்டும். 5 மில்லிமீட்டர் கனமுள்ள சுவரில் ஓட்டை என்றால், சுற்றிலும் 60 மில்லிமீட்டருக்குச் சரிவாகத் தேய்ப்பது வழக்கம், அதாவது கனத்தைப்போல் 12 மடங்கு. இழைத்தூசி நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது; மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் கிரைண்டரைத் தொடாதீர்கள்.

பழைய பரப்பில் எப்பாக்ஸி என்ற இன்னொரு வகை ரெசின், பாலியெஸ்டரைவிட இறுகப் பிடிக்கும். விலை கூடுதல், ஆனால் பின்பலகை போன்ற இடத்துக்கு நான் எப்பாக்ஸியைத்தான் சொல்வேன். இதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னர் வெறும் தூண்டுகோல் அல்ல, அதுவும் சேர்ந்துதான் கட்டுமானமே. சீக்கிரம் காயட்டும் என்று கூடுதலாக ஊற்றினால் ஜோடி கிடைக்காத மூலக்கூறுகள் மிஞ்சி, பரப்பு ரப்பர்போல் இருந்துவிடும். இன்னொன்று: எப்பாக்ஸியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் ஒழுங்காக இறுகாமல் போகலாம்; அங்கே பாலியூரித்தேன் பெயின்ட்தான் தொல்லையில்லாதது.

புதுப் பின்பலகையில் எஞ்சினை மாட்டும்போது போல்ட் அளவுக்கே துளை போட்டுவிடாதீர்கள். பெரிய துளையாகப் போட்டு, கெட்டியாகக் குழைத்த எப்பாக்ஸியால் அடைத்து, இறுகியபின் அதன் நடுவே போல்ட்டுக்கான துளையைப் போடுங்கள். நாளை சீலன்ட் விட்டுப்போனாலும் தண்ணீருக்கு எட்டுவது எப்பாக்ஸிச் சுவர்தான், பிளைவுட் அல்ல.