பயாஸ் பாஸ்வேர்டு போட்டாச்சு, பயாஸ் ஐ.சி. பூட்டியிருக்கிறதா?

பள்ளிக்கு 40 லேப்டாப் வந்து இறங்கினால் என்ன செய்கிறோம்? பெட்டியைப் பிரித்து, சீரியல் நம்பரை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பயாஸுக்குள் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் மென்பொருளின் செட்டப் திரைக்குள்) போய் ஒரு பாஸ்வேர்டு போட்டு, 'லாக் பண்ணியாச்சு' என்று கையெழுத்துப் போடுகிறோம். செட்டப் திரைக்குள் நுழைந்து பூட் வரிசையை மாற்றப் பார்க்கும் மாணவனை அந்தப் பாஸ்வேர்டு தடுக்கும். விண்டோஸுக்குள் அட்மின் உரிமையோடு ஓடும் ஒரு புரோகிராம் பயாஸ் ஐ.சி.யில் எழுத முயன்றால், அந்தப் பாஸ்வேர்டுக்கு அதில் எந்த வேலையும் இல்லை. அதைத் தடுக்கும் பூட்டு வேறு. கம்பெனி எழுதிய ஃபர்ம்வேரே, அதாவது பயாஸ் மென்பொருளே, ஒவ்வொரு முறை மெஷின் ஆன் ஆகும்போதும் அதைப் போட வேண்டும். போடுகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. கொள்முதல் ஏற்புச் சான்றில் கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

பயாஸ் ஐ.சி. என்று சர்வீஸ் கடைகளில் சொல்வது மதர்போர்டில் உள்ள எட்டுக் கால் ஃப்ளாஷ் சிப்பை. பெரும்பாலும் 8, 16 அல்லது 32 எம்.பி. கொள்ளளவு. ஹார்டு டிஸ்கை ஃபார்மட் அடித்தாலும், டிஸ்கையே கழற்றி மாற்றினாலும் இதற்குள் இருப்பது அப்படியே இருக்கும். 2021 ஜனவரியில் இங்கிலாந்தில் அரசு மாணவர்களுக்காகக் கொடுத்த லேப்டாப்களில் சிலவற்றில் கமரூ என்ற வைரஸ் இருந்தது தெரியவந்தது. அது விண்டோஸில் இருந்த சங்கதி, டிஸ்கைத் துடைத்தால் ஒழியும். 2018-இல் ஈசெட் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் வைரஸ் அப்படிப்பட்டதல்ல. அது பயாஸ் ஐ.சி.க்குள் தன்னை எழுதிக்கொண்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் திரும்ப வந்தது. அது நுழைந்த வழியே நாம் பார்க்க வேண்டிய பூட்டுகளைக் காட்டிக்கொடுக்கிறது.

இன்டெல் மெஷின்களில் பயாஸ் கன்ட்ரோல் என்று ஒரு ரெஜிஸ்டர் (சிப்புக்குள் இருக்கும் சுவிட்ச் பலகை மாதிரி, ஒவ்வொரு பிட்டும் ஒரு சுவிட்ச்) உண்டு. அதன் 0-ஆம் பிட் எழுத அனுமதி. 1-ஆம் பிட் பூட்டு. 5-ஆம் பிட், எஸ்.எம்.எம். எனப்படும் சிபியுவின் தனிப் பயன்முறையில் ஓடும் கோடு மட்டுமே எழுதலாம் என்ற கட்டுப்பாடு. 1-ஆம் பிட் போட்டிருந்தால், யாராவது எழுத அனுமதியை ஆன் செய்தவுடன் ஃபர்ம்வேர் விழித்து அதைத் திரும்ப ஆஃப் செய்துவிடும். காவல்காரர் ஓடி வந்து கதவைச் சாத்துகிற மாதிரி. ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறதே! ஒரு கோர் அனுமதியை ஆன் செய்துகொண்டே இருக்க, இன்னொரு கோர் அந்த இடைவெளியில் எழுதிவிடும். லோஜாக்ஸ் செய்தது இதைத்தான்: பூட்டே இல்லாவிட்டால் நேராக எழுதியது, 1-ஆம் பிட் மட்டும் இருந்தால் இந்தப் பந்தயத்தில் முந்தியது. 5-ஆம் பிட் போட்டிருந்தால் பந்தயத்துக்கே இடமில்லை. ஆகவே 'பூட்டு இருக்கிறது' என்ற பதில் போதாது, 1-ஆம் பிட்டும் 5-ஆம் பிட்டும் இரண்டுமே 1 ஆக இருக்க வேண்டும்.

இதோடு ஃப்ளாஷ் கன்ட்ரோலரின் அமைப்புகளை உறைய வைக்கும் இன்னொரு பூட்டும் உண்டு. இது திறந்திருந்தால், எந்தப் பகுதியில் எழுதக்கூடாது என்று குறித்து வைத்த காப்பு எல்லைகளையே மாற்றிவிடலாம். எழுதுவது வைரஸாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2017 இறுதியில் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் போட்ட சில லெனோவோ, ஏசர், தோஷிபா லேப்டாப்களில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போனது. காரணம் அதன் கெர்னலில் இருந்த ஒரு இன்டெல் எஸ்.பி.ஐ. டிரைவர் (எஸ்.பி.ஐ. என்பது ஃப்ளாஷ் சிப்போடு பேசும் இணைப்பு). அந்த நிறுவல் ஃபைலையே (ஐ.எஸ்.ஓ.) தளத்திலிருந்து எடுத்துவிட்டு, 2018 ஜனவரியில் திருத்தி வெளியிட்டார்கள்.

சோதனைக்கு வருவோம். 8 ஜி.பி. பென் டிரைவில் ஃபெடோரா அல்லது உபுண்டு லைவ் (பென் டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸ்) போதும், எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் அது ஆஃபில் இருக்கும், செட்டப்புக்குள் போய் ஆன் செய்ய வேண்டும். லைவ் திரை வந்ததும் டெர்மினலைத் திறந்து எஃப், டபிள்யூ, யூ, பி, டி, எம், ஜி, ஆர் என்ற எட்டு எழுத்தையும் சிறிய எழுத்தில் சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு செக்யூரிட்டி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கான கருவியே பாதுகாப்பு அறிக்கையையும் தரும்.

அறிக்கை பல நிலைகளாக வரும். முதல் நிலையில் எஸ்.பி.ஐ. என்று தொடங்கும் வரிகள்தான் நமக்கு வேண்டியவை. எஸ்.பி.ஐ. லாக் எதிரே எனேபிள்டு, எஸ்.பி.ஐ. ரைட் எதிரே டிசேபிள்டு, எஸ்.பி.ஐ. பயாஸ் ரீஜன் எதிரே லாக்டு என்று வர வேண்டும். 'ரைட் டிசேபிள்டு' என்பதைப் பார்த்துப் பதறி, எதையோ ஆன் செய்யாமல் விட்டுவிட்டோம் என்று கம்பெனிக்குப் போன் போடுபவர்கள் உண்டு. எழுதுவது தடுக்கப்பட்டிருக்கிறது என்றுதான் பொருள், அதுதான் வேண்டும். அடுத்து மேனுஃபேக்சரிங் மோடு வரியைப் பாருங்கள். தொழிற்சாலையில் இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜினை (இன்டெல் சிப்புக்குள் தனியாக ஓடும் குட்டிக் கணினியை) தயார் செய்யும்போது திறந்திருக்கும் நிலை அது. மூடாமலே மெஷின் வெளியே வருவது உண்டு. ஆப்பிள் லேப்டாப்களிலேயே இந்தக் குறை 2018-இல் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டது.

அறிக்கையின் தலைப்பில் எச்.எஸ்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், ஃபர்ம்வேர் பாதுகாப்புக்கான மதிப்பெண் அது. முதல் நிலையில் ஒரே ஒரு வரி தவறினாலும் அது 0 ஆகிவிடும். பள்ளி லேப்டாப்புக்கு 1 வந்தால் ஏற்றுக்கொள்ளலாம், 2 வந்தால் நல்லது, அதற்கு மேல் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் அது ஓடிக்கொண்டிருக்கும் இயங்குதளத்தில் உள்ள குறையைச் சொல்கிறது. லைவ் பென் டிரைவில் அது வருவது சகஜம், அதை வைத்து லேப்டாப்பைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

சில மாடல்களில் எஸ்.பி.ஐ. வரிகளே வராது. அங்கே சிப்செக் வேண்டும். இன்டெல் 2014-இல் இலவசமாக வெளியிட்ட கருவி இது. நேரடியாக ரெஜிஸ்டர்களைப் படிப்பதால் அன்றாடம் பயன்படுத்தும் விண்டோஸில் இதை நிறுவவே கூடாது, லைவ் லினக்ஸில் மட்டும் ஓட்டுங்கள். இதன் கெர்னல் டிரைவர் ஏற வேண்டுமானால் செக்யூர் பூட்டை (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் அமைப்பை) தற்காலிகமாக ஆஃப் செய்ய வேண்டியிருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விண்டோஸ் 11-இல் டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் யாரும் கேட்காமலே ஆன் ஆகியிருக்கலாம். செக்யூர் பூட்டைத் தொட்டதும் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்டு நிற்கும். கீ எந்த ஆசிரியரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் டிஸ்கில் உள்ளது போனதுதான். முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் செய்யுங்கள், கீயை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு செட்டப்புக்குள் போங்கள். வேலை முடிந்ததும் செக்யூர் பூட்டை மறக்காமல் ஆன் செய்யுங்கள்.

சிப்செக்கில் பயாஸ் எழுத்துத் தடை, எஸ்.பி.ஐ. பூட்டு, டிஸ்கிரிப்டர் (ஃப்ளாஷின் எந்தப் பகுதியை யார் தொடலாம் என்று குறித்த இடம்) அணுகல் ஆகிய மூன்று சோதனைகள் போதும். எழுத்துத் தடைச் சோதனையில், காப்பு எல்லை எதுவும் பயாஸ் பகுதியை மூடவில்லை என்று ஓர் எச்சரிக்கை வரலாம். முடிவு வரியில் பாஸ்டு என்று இருந்தால் 5-ஆம் பிட் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை பாஸ் ஆனதும் பென் டிரைவைப் பிடுங்கிவிட வேண்டாம். லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டு, ஒரு நிமிடம் கழித்து எழுப்பி, அதே சோதனையைத் திரும்ப ஓட்டுங்கள். ஆழ்ந்த ஸ்லீப்பிலிருந்து எழும்போது பூட்டுகளைத் திரும்பப் போட வேண்டியது ஃபர்ம்வேரின் பொறுப்பு, சில ஃபர்ம்வேர்கள் மறந்துவிடும். 2014-க்கு முந்தைய மேக் லேப்டாப்கள் சிலவற்றில் இப்படித்தான் ஃப்ளாஷ் திறந்தே கிடந்தது 2015-இல் தெரியவந்தது. பாடவேளைக்குப் பாடவேளை மூடியை மூடித் திறக்கும் பள்ளி லேப்டாப்புக்கு இந்த இரண்டாவது சோதனைதான் முக்கியம் என்பேன்.

செக்யூர் பூட் ஆனில் இருப்பதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையவும் கூடாது. 2024-இல் வெளிவந்த பிகேஃபெயில் விவகாரத்தில், பல பிரபல பிராண்டுகளின் மெஷின்களில் சோதனைக்கென்று இருந்த மாஸ்டர் சாவி அப்படியே விற்பனைக்கு வந்திருந்தது அம்பலமானது. சாவியின் பெயரிலேயே 'நம்பாதே' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தும் யாரும் படிக்கவில்லை! முன்பு சொன்ன அறிக்கையில் யூ.இ.எஃப்.ஐ. பிளாட்ஃபார்ம் கீ (அந்த மாஸ்டர் சாவிதான்) எதிரே வேலிட் என்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

நாற்பதையும் சோதிக்க வேண்டுமா? வேண்டாம். பூட்டு ஃபர்ம்வேரில் எழுதியிருப்பது, ஆகவே ஒரே மாடல், ஒரே பயாஸ் பதிப்பு என்றால் இரண்டு மெஷின் போதும். மேனுஃபேக்சரிங் மோடு மட்டும் மெஷினுக்கு மெஷின் மாறலாம், அதற்கு ஐந்தாறு எடுத்துப் பாருங்கள். பயாஸ் அப்டேட் போட்டால் புதுப் பதிப்பில் மறுபடி இரண்டு.

தவறினால் முதல் மருந்து கம்பெனியின் புதிய பயாஸ். சார்ஜர் செருகி, பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கும்போது போடுங்கள். பழைய பதிப்புக்குத் திரும்புவதைத் தடுக்கும் ரோல்பேக் தடுப்பு செட்டப்பில் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். புதிய பதிப்பிலும் தவறினால் நாம் செய்ய ஒன்றுமில்லை. அறிக்கையைப் படமெடுத்து இணைத்து, வாரண்டியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள்.

மாணவருக்கே சொந்தமாகக் கொடுக்கும் லேப்டாப் என்றால், தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினி போல, பயாஸ் பாஸ்வேர்டு போடாமல் விடுவதே நியாயம். இந்த எழுத்துத் தடை அவர் லினக்ஸ் போடுவதையோ டிஸ்க் மாற்றுவதையோ தடுக்காது.

குரோம்புக்கில் கதை வேறு. எழுத்துத் தடை அங்கே இரண்டு பாதி: ஹார்டுவேர் சிக்னல் ஒன்று, ஃப்ளாஷ் சிப்பில் குறித்த எல்லை ஒன்று. பழைய மாடல்களில் அந்த சிக்னலைத் தாங்குவது போர்டில் இருக்கும் ஒரு ஸ்க்ரூ. பின்மூடி திறந்த தடயமுள்ள குரோம்புக்கில் முதலில் அதைத் தேடுங்கள்.

இத்தனை பூட்டும் மென்பொருள் வழியாக வருபவரைத்தான் தடுக்கும். மூடியைக் கழற்றி, ஐ.சி. மேல் கிளிப் மாட்டி, சில நூறு ரூபாய் புரோகிராமரால் எழுதுபவரைத் தடுக்காது. செத்த லேப்டாப்பை சர்வீஸில் உயிர்ப்பிப்பது பெரும்பாலும் இப்படித்தான்: இணையத்தில் கிடைத்த அதே மாடலின் டம்ப் ஃபைலை (வேறொரு பயாஸ் ஐ.சி.யின் நகலை) அப்படியே எழுதிவிடுவார்கள். அதில் டிஸ்கிரிப்டர் திறந்திருக்கலாம், மேனுஃபேக்சரிங் மோடு ஆனில் இருக்கலாம், வேறு யாருடைய மெஷினின் சீரியல் நம்பரோ உட்கார்ந்திருக்கலாம். போர்டு மாற்றியோ பயாஸ் எழுதியோ திரும்பி வரும் மெஷினில், செட்டப்பின் முதல் பக்கத்தில் தெரியும் சீரியல் நம்பரை அடிப்பக்க ஸ்டிக்கரோடும் இருப்புப் பதிவேட்டோடும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டாலோ அந்த இடம் காலியாக இருந்தாலோ பில்லில் கையெழுத்துப் போடாமல் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஒத்துப்போனாலும் மேலே சொன்ன சோதனையை அந்த ஒரு மெஷினுக்கு முழுதாக ஓட்டிவிட்டுத்தான் வகுப்புக்கு அனுப்ப வேண்டும்.