பாலத்தின் கால்களை அரித்த தண்ணீர்

2022 ஜனவரி 28 காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரின் ஃபெர்ன் ஹாலோ பாலம் ஒரு பேருந்தோடும் சில கார்களோடும் பள்ளத்தில் சரிந்தது. நல்லவேளை, யாரும் சாகவில்லை. நாட்டின் பழைய பாலங்களையும் சாலைகளையும் புதுப்பிப்பது பற்றிப் பேச அதிபர் பைடன் அந்த ஊருக்கு வரவிருந்ததும் அதே நாள்தான்!

பாலத்துக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை. கால்களைத் தின்றது துரு. வேடிக்கை என்னவென்றால், அது துருவையே கவசமாக்கிக்கொள்ளும் எஃகு. செம்பு, குரோமியம் போன்றவற்றைச் சிறிதளவு கலந்து செய்வது. இதில் முதலில் படியும் துரு இறுகித் தோல்போல ஒட்டிக்கொண்டு, உள்ளே அரிப்பு பரவாமல் தடுக்கும். பெயின்ட் செலவு மிச்சம். ஆனால் நனைந்தால் காய வேண்டும். ஃபெர்ன் ஹாலோவில் வடிகால்கள் அடைத்துக் கிடந்தன. தண்ணீர் கால்களில் வழிந்தது, அடியில் சேர்ந்த மண்ணும் சருகும் ஈரத்தைப் பிடித்துவைத்தன. தோல் உருவாகவே இல்லை. எஃகு அடுக்கடுக்காக உரிந்து, ஓட்டையே விழுந்துவிட்டது.

சரி, கான்கிரீட் பாலம் தப்பிக்குமா? அங்கே துரு கண்ணில் படாது, அவ்வளவுதான். புதிய கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதாவது அமிலத்துக்கு நேரெதிர். அதற்குள் இருக்கும் கம்பிமேல் மெல்லிய காப்புப் படலம் உண்டாகும். சாலையில் உறைந்த பனியை உருக்கக் கொட்டும் உப்பு, தண்ணீரில் கரைந்து நுண்துளைகள் வழியே இறங்குகிறது. அதிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். இரும்பைவிடத் துரு பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. நசுக்கினால் தாங்கும் கான்கிரீட், இழுத்தால் தாங்காது. விரிசல் விழுந்ததும் உப்புநீருக்கு வழி இன்னும் சுலபம்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர்கள் இன்றும் சுத்தியலையும் நம்புகிறார்கள். தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும்.

1967இல் ஒஹையோ ஆற்றின் சில்வர் பாலம் அறுந்து 46 பேர் இறந்தபிறகு, அமெரிக்கா பாலங்களைச் சோதிக்க நாடு முழுமைக்கும் விதி வகுத்தது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதனை. 0 முதல் 9 வரை மதிப்பெண். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் ‘மோசம்’. ஃபெர்ன் ஹாலோவும் இப்படித்தான் சோதிக்கப்பட்டது. 2011 முதலே ‘மோசம்’. வடிகாலைச் சரிசெய்யுங்கள் என்று அறிக்கைகள் வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த வேலை மட்டும் நடக்கவில்லை. 2022 டிசம்பரில் புதிய பாலம் திறந்தார்கள். செலவு சுமார் 2.5 கோடி டாலர்.