இகுவானா கூண்டுக்குள் என்ன செடி வைத்திருக்கிறீர்கள்?

இந்த மாதமும் என் கிளினிக்குக்கு ஒரு இகுவானா வந்தது. இலை தின்னும் பெரிய ஓணான் வகை அது. நாக்கு தடித்து வாயை முழுதாக மூட முடியவில்லை. எச்சில் கோழையாக மார்பு வரை வழிந்திருந்தது. தூக்கி வந்த தம்பி போனில் கூண்டின் படத்தைக் காட்டினார். மூலையில் டைஃபன்பாக்கியா செடி, வெள்ளைத் திட்டுப் போட்ட பெரிய இலைகளோடு தளதளவென்று நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு இலையின் ஓரத்தில் அரைவட்டமாக, கத்தரியால் வெட்டியதுபோல் ஒரு கடி.

“இயற்கையா இருக்கட்டும்னுதான் வெச்சேன் டாக்டர். விஷம்னா அதுக்கே தெரியாதா?”

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இதற்கு மட்டும் விரிவாகவே பதில் சொல்கிறேன். தெரியாது. கூண்டில் வளர்க்கும் இன்னொரு ஓணானான பியர்டட் டிராகனின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. நம் நாற்கர சாலை நடுவில் பூத்துக் கிடக்கும் அரளியை அதன் பாட்டன் பூட்டன் பார்த்திருக்காது. பாலைவனத் தோற்றம் வேண்டும் என்று எல்லோரும் வாங்கி வைக்கும் அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியாப் பக்கத்துச் செடி. அதையும் அது அறியாது. “டைஃபன்பாக்கியா அமெரிக்கக் காட்டுச் செடிதானே, இகுவானாவுக்குப் பழக்கம் இருக்குமே” என்று படித்துவிட்டு வந்து கேட்பவர்களும் உண்டு. காட்டில் அதற்கு நூறு மரம் இருக்கிறது. ஒன்று காறினால் அடுத்ததற்குப் போகும். உங்கள் கூண்டில் இருப்பது ஒரே செடி. பண்ணையில் முட்டை பொரிந்து, கண்ணாடிக்குள் வளர்ந்து, நாளெல்லாம் பொழுது போகாமல் கிடக்கும் பிராணி அது. எதிரில் பச்சையாக ஏதாவது அசைந்தால் கடிக்கத்தான் செய்யும்.

கருணைக்கிழங்கு ஏன் காறுகிறதோ அதே காரணம்தான் டைஃபன்பாக்கியாவுக்கும். மணிபிளான்டும் அந்த வகைதான். பூச்சி மட்டும் தின்னும் கெக்கோ பல்லி இருக்கும் டேங்கில் மணிபிளான்ட் வைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். இலை தின்னும் பிராணியோடு வைக்காதீர்கள். அரளி, மஞ்சள் அரளி, அடீனியம் மூன்றும் வாயோடு நிற்பதில்லை, இதயத்தைத் தாக்கும். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து இருக்கிறது. செம்பருத்திப் பூ கொடுக்கலாம் என்று கேள்விப்பட்டவர்கள், கோயிலில் கொடுத்த மாலையிலிருந்து அரளிப் பூவையும் பிய்த்துப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். எருக்கு, ஊமத்தை, குரோட்டன்ஸ், பால் வடியும் கள்ளி எதுவும் உள்ளே போகக் கூடாது.

அப்புறம் எதை வைப்பது? இகுவானாவுக்குச் செம்பருத்தியைவிட நல்ல செடி நம் ஊரில் இல்லை. இலையும் தின்னலாம், பூவும் தின்னலாம். பியர்டட் டிராகனுக்கும் லெப்பர்ட் கெக்கோவுக்கும் ஹவோர்த்தியா, எச்சிவேரியா என்ற தடித்த இலைச் சிறு செடிகள் போதும். ஈரப்பதம் கேட்கும் பிராணி என்றால் பெப்பரோமியா, ஸ்பைடர் பிளான்ட்.

நல்ல செடி என்பதற்காக நர்சரியிலிருந்து நேராகக் கூண்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். தொட்டி மண்ணில் குருணை மருந்து இருக்கலாம், உர மணிகள் இருக்கலாம். வேர் வழியாக இலைக்குள் ஏறிய பூச்சிமருந்து எத்தனை முறை கழுவினாலும் போகாது. “என் கெக்கோ இலையே தின்னாது சார்” என்பார்கள். நீங்கள் உள்ளே விடும் சில்வண்டு அந்த இலையைத் தின்னும், கெக்கோ சில்வண்டைத் தின்னும். நான் சொல்லும் வழி, மருந்தடிக்காத வீட்டுச் செம்பருத்தியிலிருந்து பென்சில் கனத்தில் குச்சி ஒடித்து நீங்களே நட்டு வளர்ப்பது. நர்சரிச் செடிதான் என்றால், பழைய மண்ணை முழுதும் உதறி, வேரைக் கழுவி, மண்ணை மாற்றி, சில மாதம் மாடியில் தனியாக வைத்துப் புதுத் தழை வந்த பிறகு உள்ளே எடுங்கள். ஒரு செடிக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது மாடியில் தேறட்டும், வாராவாரம் மாற்றலாம். தண்ணீரையும் வெளியே வைத்தே ஊற்றி, வடிந்த பிறகு உள்ளே வையுங்கள். பியர்டட் டிராகனுக்கு 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் உள்ளேயே ஊற்றிவிட்டு, சளி பிடித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நிலையில்தான் கொண்டுவருகிறார்கள்.

செடியைச் சூட்டு பல்புக்கு அடியில் வைத்தால் கருகும், எதிர் மூலையில் வையுங்கள். கனமான மண்தொட்டியாக இருக்கட்டும். மேல்மண்ணில் பிராணியின் தலையைவிடப் பெரிய கூழாங்கல் பரப்புங்கள். சின்னக் கல் போட்டால் விழுங்கிவிடும், எக்ஸ்ரேயில் குடல் நிறையக் கல்லாகத் தெரியும். வளர்ந்த இகுவானா ஒன்றரை மீட்டர் நீளம், சில கிலோ எடை. அதை எந்தத் தொட்டிச் செடியும் தாங்காது. ஏறுவதற்குத் தடித்த கொய்யாக் கிளையைச் சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்கிவிடுங்கள். செடியைக் கட்டத் தென்னங்கயிறு போதும், நைலான் நூல் வேண்டவே வேண்டாம். அது விரலில் சுற்றி இறுகியதை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. விரல் கறுத்த பிறகு கொண்டுவந்தால் வெட்டுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இகுவானா, பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு வைத்திருப்பவர்கள் 2024இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். நட்சத்திர ஆமைக்குக் கூண்டு அமைப்பது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள். அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

பிராணி விஷச் செடியைக் கடித்துவிட்டது என்று தெரிந்தால் பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதையும் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். வாயில் ஒட்டியிருக்கும் இலையை மட்டும் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு அப்போதே கிளம்புங்கள். ராத்திரியானாலும் பரவாயில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.